பக்கத்துத் தடத்தில் ஒரு பத்து

ஒப்புதல் படிவத்தில்
பெற்றோர் கையெழுத்துக்கான கோட்டின் மேல்
மூன்று நாள் நின்றது என் பேனா.
"துப்பாக்கியா?" என்றாள் தன்ஷிகாவின் அம்மா,
சோற்றுக் கரண்டி அந்தரத்தில்.
"காற்றுத் துப்பாக்கிம்மா. ஒலிம்பிக்ல இருக்கு."
"காற்றுன்னாலும்..."
அதற்குமேல் அவளிடமும் சொல் இல்லை.
காலித் தோட்டா ஒன்று காற்சட்டைப் பையில் கிடந்தாலே
வம்பாகிவிடும் ஊர் இது.

சனிக்கிழமை
பூன் லேயில் 172 ஏறி
சீனர் கல்லறை, முஸ்லிம் கல்லறை,
முகாம் வேலி, மறுபடி கல்லறை.
"சரியான வழிதானா?" என்றேன்.
அவள் சிரிக்கவில்லை.

கழகத்தில் அறிமுக நாள்.
முப்பது பிள்ளைகள், பாதிப் பேருக்கு
முதுகுப்பைதான் உடம்பைவிடக் கனம்.
முதல் ஒரு மணி நேரம் துப்பாக்கியே கண்ணில் படவில்லை.
நின்றார்கள்.
சும்மா நின்றார்கள்.
சூ ஹுய் என்றொரு பெண், இருபத்திரண்டு இருக்கும்,
ஒவ்வொரு முழங்காலாகப் பார்த்துக்கொண்டே போனாள்:
"தசையை விடு. எலும்பு தாங்கட்டும்."

எனக்குத் தெரிந்த துப்பாக்கி வேறு.
தெக்கோங் சேற்றில் குப்புறக் கிடந்தால்
மேட்டுக்குப் பின்னாலிருந்து எழுவான்
பச்சை அட்டை மனிதன்.
சுட்டால் விழுவான்.
விழுந்தவர்களை எண்ணி
எனக்கொரு சின்னம் கொடுத்தார்கள்.
இரவெல்லாம் காதுக்குள் வண்டு.

இங்கே எதுவும் விழுவதில்லை.
பத்து மீட்டரில் ஓர் அட்டை,
அதன் நடுவே
முற்றுப்புள்ளி அளவுக்கு ஒரு பத்து.
உடுக்கைபோல் இடை சிறுத்த ஈயக்குண்டு
அந்தப் புள்ளியைவிடப் பெரியது.
எலிப்பொந்துக்குள் பூனையை அனுப்புகிற வேலை.
சத்தம்கூட
யாரோ சோடா மூடியைத் திறந்த மாதிரி.

ஆளுக்கு ஐந்து.
தன்ஷிகா ஆறாம் தடம்.
ஏழில் ஹாஸிக், அவளை ஒரு சாண் மிஞ்சிய பையன்.
கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான்
அவளுக்குப் பதிலாக மூச்சை அடக்கி
இருமிவிட்டேன்.
நான்காவது குண்டுக்குத் தூக்கினாள்,
சுடாமல் இறக்கினாள்.
அப்படி இறக்கலாம் என்பதே எனக்குப் புதுச் செய்தி.

"நிறுத்து."
குழல்களுக்குள் ஆரஞ்சு நூல் ஓடிய பிறகு,
எல்லோரும் பின்னால் நகர்ந்த பிறகு,
கம்பியில் ஊர்ந்து வந்தன அட்டைகள்.

ஏழில் ஆறு ஓட்டை.
ஒன்றில், நடுப்புள்ளியையே காணோம்.
ஹாஸிக்கின் அப்பா போனை எடுத்துவிட்டார் படம் பிடிக்க.
ஹாஸிக் எண்ணினான்.
மறுபடியும் எண்ணினான்.
ஆறாம் தட அட்டையில் நான்குதான்.

"அந்தப் பத்து என்னோடது,"
கை தூக்கியிருந்தாள் என் மகள்.
"மூணாவது. தட எண்ணைப் பார்க்காம சுட்டுட்டேன்."

சூ ஹுய் திட்டவில்லை, தட்டிக்கொடுக்கவும் இல்லை.
பத்தைச் சுற்றிப் பென்சிலால் ஒரு வட்டம் போட்டு
ஆறாம் தடத்துத் தாளில்
மூன்றாவது கட்டத்தில் சுழியம் எழுதினாள்.
ஏழு, எட்டு, சுழியம், ஆறு, எட்டு.
இருபத்தொன்பது.

திரும்பும் பேருந்தில் கேட்டேன்,
"தப்பை ஒத்துக்கத்தான் சொன்னியா,
பத்தை விட மனசில்லாமலா?"
கல்லறைகள் முடியும்வரை யோசித்தாள்.
"ரெண்டும்."

இப்போது கூடத்தில் நிற்கிறாள்
துடைப்பக் கட்டையைத் தோளில் பொருத்தி.
அதன் முனையில் ஒரு பத்துக் காசு.
அவளுக்கும் அடுக்களைக்கும் நடுவே
சோற்றுக் கரண்டியோடு அவள் அம்மா,
கடக்கலாமா கூடாதா என்று
ஒற்றைக் காலில்.

பக்கத்து வீட்டு இரும்புக் கதவு அறைகிறது.
காசு உருண்டு சோஃபாவுக்கடியில் போகிறது.

கரண்டியை விட்டுக் குனிந்து துழாவுவது
அவள் அம்மாதான்.